இடது இறக்கையில் கட்டைவிரல்

பசை காய்ந்து மூன்று வருஷமாகிறது. இருந்தும் தெய்வநாயகம் அந்தப் பொம்மை விமானத்தைத் தூக்கும்போது ஈரம் காயாததை எடுப்பவர் மாதிரி, இரண்டு ஓரத்திலும் நகம் மட்டும் படும்படித்தான் எடுத்தார். மத்தியானச் சாப்பாடு ஆகிவிட்டது, ஃபேனை நிறுத்தியாகிவிட்டது, ஃபேன் சுற்றினால் பொடிசு பொடிசான பாகமெல்லாம் பறந்து கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும், அப்புறம் அறுபத்து நாலு வயதில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தரையில் தவழ வேண்டும், சுகந்தி கதவருகே நின்றுகொண்டு சிரிப்பாள், சிரிப்பாள் என்ன சிரிப்பாள், சிரித்தாள், இனிமேல் தவழ்ந்தாலும் பார்த்துச் சிரிக்க ஆள் கிடையாது. மேஜையில் வெயில் பாதிவரை வந்து உட்கார்ந்திருந்தது. கையில் இருந்தது ஸ்டூக்கா. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரன் வானத்திலிருந்து தலைகீழாகப் பாய்ந்து குண்டு போடுவதற்கென்றே வைத்திருந்த விமானம், அதில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு, ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே, சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில், முழங்கை மடங்கினாற்போல் வளைந்த இறக்கையோடு, பெயிண்ட் பார்க்காமல், சக்கரம் போடாமல், மூன்று வருஷமாக அட்டைப்பெட்டியில் கிடந்தது. இடது இறக்கையின் மேல்பக்கம், மடிப்புக்குச் சற்று இந்தப் புறம், ஒரு கட்டைவிரல் ரேகை. சுகந்தியுடையது. அவள் போய் ஏழு மாதத்துக்கப்புறம் இந்த வீட்டில் அவள் உடம்பு பட்ட அச்சு என்று மிச்சமிருப்பது அது ஒன்றுதான். புடவை இருக்கிறது, பீரோவைத் திறந்தால் வாசனைகூட லேசாக வருகிறது, ஆனால் புடவை யாரோ தறியில் நெய்தது, வாசனை பவுடர் டப்பாவுடையது. இது அவள். இதைத்தான் மகள் கேட்கிறாள்.

காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டாள் தாரிணி. ஒரே மகள், புனேயில் வேலை, சாயங்கால ரயிலில் சென்னை போய் அங்கிருந்து போக வேண்டும். "அப்பா, அம்மா நகையெல்லாம் இங்கயே இருக்கட்டும். எனக்கு அந்தப் ப்ளேனை மட்டும் குடுங்க. அம்மா விரல் இருக்கே, அது." "அது இன்னும் முடியலையேம்மா" என்றார். "முடிய வேணாம்பா. எப்படி இருக்கோ அப்படியே குடுங்க." அப்படியே எப்படிக் கொடுப்பது? இறக்கையின் மேல் பாதியும் கீழ் பாதியும் சேர்கிற இடத்தில், முன் விளிம்பு நெடுக, தையல் போட்டாற்போல் ஒரு கோடு துருத்திக்கொண்டு நிற்கிறது. பார்க்கிறவன் என்ன நினைப்பான்? "தையலை மட்டும் தேச்சுத் தர்றேன், ஒரு மணி நேரம். பொண்ணு வீட்டுக்குப் போற சாமான அரையும் குறையுமாவா குடுத்தனுப்புவேன்?" என்றார். தாரிணி அவரைப் பார்த்த பார்வையில் அம்மாவின் பார்வை இருந்தது, சரி, இவரோடு பேசி ஆகப்போவதில்லை என்கிற பார்வை. "விரல் பத்திரம்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். பத்திரமாம்! யாரிடம் சொல்கிறாள்? முப்பத்தைந்து வருஷமாகத் தில்லைநகரில் பல் டாக்டர், மயிரிழை பிசகாத கை, எத்தனை பேர் வாய்க்குள் நாக்குக்கும் கன்னத்துக்கும் நடுவே சுழலுகிற ஊசியை வைத்துக்கொண்டு ஒரு சொட்டு ரத்தம் வராமல் எடுத்திருக்கிறார். இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று பெயிண்ட் அடிக்கும்போது ஒட்டுகிற மஞ்சள் டேப்பில் ஒரு துண்டு கத்தரித்து ரேகையின் மேல் ஒட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார். தையலுக்கும் ரேகைக்கும் நடுவே ஒரு அரிசி அகலம்கூட இல்லை.

வாட்டர் பேப்பரைக் கிண்ணத்துத் தண்ணீரில் முக்கினார். சின்னதாக மடித்த உப்புத்தாள் துண்டு, ஹார்டுவேர் கடையில் பெயிண்டர்கள் வாங்குவதுதான், நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது, தேய்கிற பிளாஸ்டிக்கெல்லாம் சேறாகித் தண்ணீரோடு வந்துவிடும். முன் விளிம்பில் வைத்து நீளவாக்கில் இழுத்தார். ஸ்ஸ். ஸ்ஸ். இந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்கும், மனசு அடங்குகிற சத்தம். கிண்ணத்தில் முக்கினார், தண்ணீர் லேசாகக் கலங்கியது. இந்தக் கிண்ணத்துக்கு எவ்வளவு கலாட்டா! எவர்சில்வர், ஓரத்தில் நசுங்கல், தயிர் உறை ஊற்றுகிற கிண்ணம். சமையலறையிலிருந்து அவர் பாட்டுக்கு எடுத்துவந்து முக்கிவிட்டார், சாயங்காலம் அவள் வந்து பார்த்தபோது அடியில் சாம்பல் சேறு. "அடப்பாவி மனுஷா, நாளைக்கு இதுல தயிரு ஊத்தி உங்களுக்கே வைக்கிறேன், ஜெர்மன் தயிரு, தின்னுங்க." அப்புறம் அவளே சொன்னாள், சரி, இது உங்களுக்கு, ஆனா மூடி எங்கிட்டயே இருக்கும். மூடி எதுக்கு உனக்குத் தனியா? "அப்பத்தான் கிண்ணம் என்னோடதுன்னு ஞாபகம் இருக்கும். என்னிக்காச்சும் திருப்பி வாங்கிக்குவேன்." மூடி இன்னும் சமையலறை மேல்தட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறது, எதை மூடுவது என்று தெரியாமல். போன வாரம் காப்பிப்பொடி தேடும்போது கையில் தட்டுப்பட்டது, உடனே தட்டின் கதவைச் சாத்திவிட்டார்.

ஸ்ஸ். ஸ்ஸ். கண்ணாடி அலமாரியில் மற்றதெல்லாம் வரிசையாக நின்றுகொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. மெஸ்ஸர்ஷ்மிட் நாலு, ஃபோக்கவுல்ஃப் இரண்டு, ஹைன்கெல் ஒன்று, எல்லாம் ஜெர்மன், வேறு தேசத்து விமானம் ஒன்றுகூடக் கிடையாது. மெட்ராஸில் பல் படித்த காலத்தில் பர்மா பஜாரில் ஒரு பெட்டி வாங்கினார், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல்தான் வாங்கினார், மெஸ்ஸர்ஷ்மிட் இருந்தது, அதோடு பிடித்தது பைத்தியம். அந்தப் பெயிண்ட்! வயிற்றுப்பக்கம் வெளிர் நீலம், முதுகில் பச்சை மேல் பச்சை, சிலதில் அம்மைத் தழும்பு மாதிரி ஊதி ஊதி வைத்த புள்ளி. ஒரு விமானத்தின் புள்ளியை ஊதுவதற்கே மூன்று ஞாயிறு போகும். சுகந்தி கல்யாணமான புதிதில் கேட்டாள், "ஏங்க, கெட்டவங்க ப்ளேனாவே பாத்துப் பாத்துச் செய்றீங்களே, நல்லவங்ககிட்ட ப்ளேனே இல்லையா?" அவர் பெயிண்டைப் பற்றி விளக்கினார், மடிப்பு இறக்கையைப் பற்றி விளக்கினார், விளக்கி முடித்தபின் அவள், "அழகாத்தான் இருக்கு" என்றாள், ஒத்துக்கொண்ட குரலில் அல்ல, அழகாயிருப்பதுதான் வருத்தம் என்கிற குரலில். வாலில் ஒட்டுகிற ஸ்வஸ்திக் சின்னத்தைப் பார்த்த அன்றைக்கு, "அட, நம்ம சாமி ரூம் கதவுல இருக்கிறதுதானே, கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு" என்று சந்தோஷப்பட்டாள் பாவம். அவர் சொன்னார், அது இதுவல்ல, அதைப் போட்டுக்கொண்டு அவர்கள் என்னென்ன செய்தார்கள் என்று. ராத்திரி அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காலையில் காப்பியை வைத்துவிட்டுச் சொன்னாள், "நம்ம வீட்டுல பறக்கணும்னா அது இல்லாம பறக்கட்டும்." அன்றிலிருந்து அலமாரியில் ஒரு விமானத்துக்கும் வாலில் அது கிடையாது. ஆன்லைனில் பொம்மை விமானக்காரர்கள் குழுவில் போட்டோ போட்டால் எவனாவது வந்து எழுதுவான், சார், சரித்திரப்படி தப்பு. தப்புதான் போடா. என் வீட்டுச் சரித்திரம் வேறே.

இந்த ஸ்டூக்காவைப் பற்றி அவர்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அவளிடம் சொன்னார். இதன் காலில் ஒரு சின்ன விசிறி இருக்கும், பாயும்போது காற்றில் சுழன்று ஊளையிடும், குண்டு விழுவதற்கு முன்னாலேயே கீழே இருப்பவன் அரண்டு ஓடுவதற்காகவே வைத்தது. அவள் கையில் அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயோடு நின்றாள். "கீழ நின்னவங்க?" என்றாள். என்ன கீழே நின்னவங்க? "கீழ நின்னுக்கிட்டு மேல பாத்தவங்கள எவன் பொம்மை செய்வான்?" அவர் பெட்டியை மூடிவைத்தார். அப்படிப்பட்டவள்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பிடித்துக்கொண்டாள். இறக்கை வளைசலாக இருப்பதால் இரண்டு கை போதவில்லை, ரப்பர் பேண்ட் போட்டால் நழுவுகிறது, கிளிப் போட்டால் பிளக்கிறது, "சுகந்தி, சித்த வாயேன்" என்றார். அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்தாள். இங்கே பிடி, அழுத்து, அசையாதே. அசையாமல் பிடித்தாள். பிடித்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தாள், விமானி முன்னால் பார்க்க உட்கார்ந்திருப்பான், துப்பாக்கிக்காரன் அவனுக்கு முதுகைக் காட்டிப் பின்னால் பார்க்க உட்கார்ந்திருப்பான், ஸ்டூக்காவில் அப்படித்தான். "என்னங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமா உக்காந்திருக்காங்க, சண்டையா?" சண்டை இல்லடி, ஒருத்தன் போற வழியைப் பாப்பான், ஒருத்தன் பின்னாடி யாரு வர்றான்னு பாப்பான். "ஓ" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம வீட்டுல பின்னாடி பாக்கிறது நான்தான்" என்றாள். வாஸ்தவம். போகிற வழியைத்தான் அவர் பார்த்தார், வழியெல்லாம் அவள் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு வந்தாள். இப்போது முதுகு சில்லென்றிருக்கிறது. சித்திரை வெயிலில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு முதுகு சில்லென்கிறது, யாரிடம் சொல்ல.

கையை எடு, காய்ந்துவிட்டது என்றார். எடுத்தாள். எடுத்த இடத்தில் ரேகை. ஒட்டுகிற பசை அல்ல இது, பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றோடொன்று கலந்துவிடுகிற பசை, இடுக்கு வழியாகக் கசிந்து விரலுக்கடியில் போய்விட்டால் அந்த இடம் வெண்ணெயாகி விரலை அப்படியே வாங்கிக்கொள்ளும். முதன்முதலாகப் பெட்டி வாங்கி விமானம் ஒட்டுகிறவன் ஒவ்வொருத்தனும் செய்கிற தப்பு. அவர் "ப்ச்" என்றார். சும்மா ப்ச் என்று நிறுத்தியிருக்கலாம், "ஒரு வேலை சொன்னா" என்றும் சொன்னார். அவளோ கேட்கவே இல்லை, இறக்கையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். ஏனென்றால் அதற்கு முந்தின நாள்தான் ரேஷன் கடையில் அவள் ரேகை விழவில்லை. போகாவிட்டால் அட்டை செத்துப்போகும் என்று மாதாமாதம் சர்க்கரை வாங்கப் போவாள், டாக்டர் பெண்டாட்டி வரிசையில் நிற்கிறாளே என்று எவன் சொன்னாலும் கேட்கமாட்டாள், அங்கே மெஷினில் விரலை வைத்தால் ஏற்காது. வலது விரல், இடது விரல், பத்தும் வைத்துப் பார்த்தாயிற்று, துடைத்து வை, எச்சில் தொட்டு வை, ஊஹூம். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்துவிட்டதாம், கடைக்காரர் சொன்னாராம். கண்ணில் தண்ணீரோடு வந்தாள், "நான் நான்தான்னு நிரூபிக்க முடியலங்க." மறுநாள் இது. "பாத்தீங்களா, மெஷினுக்கு விழாத ரேகை உங்க ஜெர்மன்காரனுக்கு விழுந்திருச்சு! தேச்சுடாதீங்க. ஒரு ஞாயித்துக்கிழமையாச்சும் நான் இருந்தேன்னு இருக்கட்டும்." அதற்கப்புறம் அவருக்கும் தேய்க்க மனசு வரவில்லை, தேய்க்காமல் பெயிண்ட் அடிக்கவும் மனசு வரவில்லை, பெட்டியில் போட்டார்.

மேலே சத்தம். சிங்கப்பூர் விமானம் இறங்குகிறது, விமான நிலையத்தை ஒட்டிய இந்தக் கே.கே.நகரில் அது மொட்டைமாடியை உரசிக்கொண்டு போகிறாற்போல்தான் போகும். இந்த நேரத்துக்கு அவள் துணி எடுக்க மாடிக்குப் போவாள், கொடியில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பாள், சில நாள் கையைக்கூட ஆட்டுவாள். ஆட்டுவதைப் பார்த்து இவர் கேலி செய்வார், உள்ளே இருக்கிறவனுக்குத் தெரியுமா என்று. "எனக்குத் தெரியுதில்ல" என்பாள். சத்தம் அடங்கியது. உள்ளே தாரிணி ஜிப் இழுக்கிற சத்தம். அவர் வாட்டர் பேப்பரை வைத்துவிட்டு டேப்பை உரித்தார். ஒரே ஒரு தரம் பார்க்கலாம், பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டிவிடலாம், சாயங்காலம் போய்விட்டால் புனேயில்தான் இனி. இருந்தது. சின்ன விரல், நடுவில் ஒரு சுழி, சுழியைச் சுற்றி வரப்பு வரப்பாக, ஒரு ஓரத்தில் குறுக்கே ஒரு வெட்டு, அரிவாள்மனைத் தழும்பு, தாரிணியின் முதல் பிறந்தநாளைக்குப் பூசணி வெட்டும்போது ஆனது. டேப்பை மேஜை விளிம்பில் ஒட்டிவைத்தார். தையல் இன்னும் கொஞ்சம்தான், மடிப்புக்கிட்டே ஒரு மேடு, விரலுக்குத் தட்டுப்படுகிறது. மேடு தட்டுப்பட்டால் அவருக்கு ஆகாது. அடைத்த பல்லில் ஒரு துளி உயரம் இருந்தால் மறுநாள் வந்து நிற்பார்கள், டாக்டர், நாக்கு அங்கேயேதான் போகுது, தூங்க முடியல. நாக்கு அப்படித்தான். மனசும் அப்படித்தான். ஏழு மாதமாக ஒரே இடத்துக்கே போய்ப் போய்த் தடவிவிட்டு வருகிறது.

அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குத்தான் போகிறது. காலையில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள் சமையலறையில் சரிந்தாள், பக்கவாதம், வலது பக்கம் முழுக்கப் போயிற்று, பேச்சும் போயிற்று. அத்தனை பேச்சும். இடது கை மட்டும் இருந்தது, அதிலும் ஒரு விரலில் நாடி பார்க்கிற சிவப்பு விளக்குக் கிளிப்பை மாட்டிவிட்டார்கள், மீதி விரல்களால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் அவர் உள்ளங்கையில் வட்டம் போட்டாள். சின்ன வட்டம், மெதுவாக, சுற்றிச் சுற்றி. என்னம்மா? தண்ணியா? திரும்பிப் படுக்கணுமா? தாரிணியக் கூப்பிடவா? கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடி வட்டம். அவர் பேனா கொடுத்தார், விட்டுவிட்டாள். எழுத்துப் பலகை காட்டினார், பார்க்கவில்லை. என்னவோ சொல்கிறாள், இவருக்குப் புரியவில்லை, நாற்பது வருஷம் கூட இருந்தும் இந்த மடையனுக்குப் புரியவில்லை. டாக்டர்கள் சொன்னார்கள், தன்னிச்சையான அசைவு, அர்த்தம் கிடையாது. அர்த்தம் இல்லாமல் அவள் ஒரு காரியம் செய்து இவர் பார்த்ததில்லை. கடைசி ராத்திரிவரை வட்டம், அப்புறம் நின்றது. எரித்த மறுநாள் அஸ்தியைக் கலயத்தில் போட்டுத் தந்தார்கள், வாயில் துணி கட்ட வேண்டும், பல்லுக்கு நரம்பு எடுக்கிற இந்த விரலுக்கு ஒரு முடிச்சு விழவில்லை, நழுவி நழுவிப் போயிற்று, கடைசியில் மச்சினன் வாங்கிக் கட்டினான். அம்மாமண்டபத்தில் காவிரி முழங்கால் அளவுதான் ஓடியது. கவிழ்த்தபோது சாம்பல் உடனே போய்விடவில்லை, காலைச் சுற்றிக்கொண்டு நின்றது, அப்புறம் போயிற்று. அப்போதும் உள்ளங்கையில் அந்த வட்டம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. என்ன கேட்டாய் சுகந்தி? எதைச் சொன்னாய்? சின்ன வட்டம், மெதுவாக, சுற்றிச் சுற்றி, அழுத்தாமல், தாரிணிக்குக் கைக்குழந்தையில் வயிறு வலித்தால் இப்படித்தான் தொப்புளைச் சுற்றித் தேய்ப்பாள், அவருக்குத் தலைவலி என்றால் பொட்டில் தைலத்தை வைத்து இப்படித்தான், சுற்றிச் சுற்றி, சரியாப்போயிடும், சரியாப்போயிடும். அட. அட, அதுதானா? ஒன்றும் கேட்கவில்லை அவள். ஒன்றும் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள், இந்த மனுஷனுக்கு எங்கேயோ வலிக்கிறது என்று நினைத்தாள், கிடைத்த ஒரு விரலால் தேய்த்துவிட்டாள். அவ்வளவுதான். செத்துக்கொண்டே தேய்த்துவிட்டாள். தெய்வநாயகத்துக்குக் கண் நிறைந்து வழிந்து தாடையில் சொட்டியது, துடைக்கக் கை ஒழியவில்லை, கை தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது, ஏழு மாதத்தில் முதல்முறையாக நெஞ்சில் இருந்த கல் ஒரு பக்கம் நகர்ந்தாற்போல் இருந்தது.

வேலையை முடித்துக்கொண்டு, எப்போதும் செய்வதுபோல, ஆள்காட்டி விரலை இறக்கைமேல் ஓடவிட்டுப் பார்த்தார். மேடு இல்லை. எங்கேயும் தட்டவில்லை, வழவழவென்று ஓடியது. நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தார்.

அப்புறம்தான் பார்த்தார். வாட்டர் பேப்பர் இருந்த இடம் தையல் அல்ல. டேப் மேஜை விளிம்பில் ஒட்டிக்கொண்டு நின்றது. இறக்கையின் மடிப்புக்கு இந்தப் புறம் சாம்பல் சேறு வட்ட வட்டமாகப் படிந்திருந்தது, சின்ன வட்டம், சுற்றிச் சுற்றி. துண்டால் துடைத்தார். வெயிலில் சாய்த்துப் பிடித்தார், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். வாயால் ஊதி ஆவி பிடிக்கவைத்துப் பார்த்தார், மங்கினது மங்கி மறைந்தது, அடியில் ஒன்றும் இல்லை. சுழி இல்லை. வெட்டுத் தழும்பு இல்லை. பால்வெள்ளையாக ஒரு தேய்ந்த இடம், அத்தனை சுத்தம், எந்த நோயாளியும் குறை சொல்ல முடியாத வேலை. ஐயோ என்று வாய்விட்டுச் சொன்னாரா, மனசுக்குள் சொன்னாரா தெரியவில்லை. சுகந்தி, உன்னை நானே தேய்த்துவிட்டேனே. சண்டாளன். தேச்சுடாதீங்க என்று ஒரே ஒன்று கேட்டாள். பெண் ஒரே ஒன்று கேட்டாள், அப்படியே குடுங்க என்றாள், அப்படியே கொடுத்திருந்தால் இந்நேரம் பெட்டியில் பத்திரமாக இருந்திருக்கும். எவன் பார்த்தான் தையலை? எவனுக்கு வேண்டும் தையல்? உள்ளே காப்பி டபராவில் ஆற்றுகிற சத்தம் கேட்டது. வரப்போகிறாள். அவர் கண் பசைப் புட்டிமேல் போயிற்று. ஒரு துளி தடவி விரலை வைத்து அழுத்தினால் ஆயிற்று, ரேகை என்றால் ரேகை, கண்ணாடி வைத்தா பார்க்கப்போகிறாள், புனேயில் ஷெல்ஃபில் வைத்துவிட்டு ஆயுசுக்கும் அம்மா என்று நினைத்துக்கொள்வாள், அவளுக்காவது இருக்கும். மூடியைத் திறந்தார். பிரஷ்ஷால் தொட்டார். கட்டைவிரலை அந்த வெள்ளை இடத்துக்குமேல் கொண்டுபோனார். விரல் பெரிசு. அந்த இடத்தையே மறைத்துக்கொண்டு தடியாக, நகத்தோரம் சாம்பல் சேறு படிந்து, ஒரு ஆம்பளை விரல். நான் நான்தான்னு நிரூபிக்க முடியலங்க என்று கண்ணில் தண்ணீரோடு வந்து நின்றவளின் இடத்தில் இவர் போய் நானே அவள் என்று விரலை வைக்கப் பார்க்கிறார். கையை எடுத்துக்கொண்டார். பசைப் புட்டியை மூடினார், மூடி இரண்டு தடவை குறுக்காகப் போயிற்று.

"முடிஞ்சுதாப்பா?" தாரிணி காப்பியோடு வந்தாள். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு விமானத்தை எடுத்தாள், வந்ததிலிருந்து தினம் செய்கிறபடி தன் கட்டைவிரலைக் கொண்டுபோய் அந்த இடத்தில் வைத்தாள். வைத்தது வழுக்கிக்கொண்டு போயிற்று. திரும்ப வைத்தாள். "இந்தப் பக்க இறக்கைதானே?" என்று விமானத்தைத் திருப்பினாள்.

"தேச்சுட்டேம்மா" என்றார்.

அவள் நிமிரவில்லை. "தெரிஞ்சேவாப்பா?"

"இல்ல. கை தானா தேச்சிருச்சு. நான் அம்மாவத்தாம்மா நெனச்சுக்கிட்டிருந்தேன்."

தாரிணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். திட்டட்டும், கத்தட்டும், சுகந்தி மாதிரி அடப்பாவி மனுஷா என்று ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று அவர் காத்திருந்தார். அவள் விமானத்தை மெதுவாக மேஜையில் வைத்தாள். "காப்பி ஆறுது, குடிங்க" என்றாள், குரல் பாதியில் உடைந்தது, உடைந்ததை மறைக்க மேஜையைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தாள், அம்மாவும் அழுகை வந்தால் எதையாவது கழுவுவாள். டேப்பை உரித்துச் சுருட்டினாள். துண்டை உதறினாள். கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தாள். கதவுவரை போய் நின்றாள்.

"இந்தத் தண்ணியிலதான் தேச்சீங்களா?"

"ஆமா."

அவள் கிண்ணத்துக்குள் பார்த்தாள். அடியில் சாம்பல் நிறமாகப் படிந்திருந்தது, நடந்து வந்ததில் கொஞ்சம் எழும்பிச் சுற்றியது. உள்ளே போனாள். தெய்வநாயகம் காப்பியைத் தொடவில்லை. ஸிங்கில் கொட்டுகிற சத்தத்துக்காகக் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கொட்டட்டும், கொட்டாமல் என்ன செய்ய முடியும், அழுக்குத் தண்ணீர். சத்தம் வரவில்லை. மேல்தட்டில் பாத்திரங்கள் நகர்கிற சத்தம் வந்தது, எதுவோ ஒன்று விழுந்து உருண்டது, எடுத்தாள். திரும்பி வந்தபோது கிண்ணத்தின்மேல் அதன் மூடி இருந்தது. சரியாக உட்கார்ந்திருந்தது, பிறகென்ன, அதன் மூடிதானே. தாரிணியின் கன்னம் முழுக்க நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை, கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ரயில்ல சிந்தாம எடுத்துட்டுப் போகணும்பா. மேல ஒரு துணி வச்சு இறுக்கமாக் கட்டிக் குடுங்க."

அவர் எழுந்து பீரோவைத் திறந்தார். சுகந்தியின் பழைய நூல் புடவை ஒன்றை எடுத்து, முந்தானைப் பக்கம் ஒரு ஓரத்தைக் கிழித்தார். மூடிமேல் விரித்து, விளிம்பைச் சுற்றிக் கொண்டுவந்து, முதல் முடிச்சைப் போட்டார். அது நழுவியது. மறுபடி போட்டார், மறுபடி நழுவியது.

"போடுங்கப்பா, நான் பிடிச்சுக்கிறேன்" என்று சொல்லி தாரிணி முடிச்சின்மேல் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். அசையாமல் பிடித்துக்கொண்டாள். அவர் இறுக்கிக் கட்டினார்.